இசை ஆசிரியையின் கணக்கேடு

இசை கற்பிப்பவர் கையில் சுருதிப்பெட்டி இருக்கலாம், வயலின் இருக்கலாம். கணக்கேடு மட்டும் இருக்கலாகாது என்பது நம்மவர் பலருடைய எண்ணம். பாட்டுக்காரன் என்றால் சற்று மறதி இருக்க வேண்டும். வந்த பணத்தை எண்ணிப் பார்க்கக் கூடாது. நேரம் போவது தெரியாமல் பாடிக்கொண்டிருக்க வேண்டும். இப்படி ஒரு சித்திரத்தை நாம் காலங்காலமாக மனத்தில் மாட்டி வைத்திருக்கிறோம். அந்தச் சித்திரத்துக்கு மாலையும் போடுகிறோம். ஆனால் அதன் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று எட்டிப் பார்த்தவர்கள் சிலரே.

பள்ளியிலோ கல்லூரியிலோ பணியாற்றும் ஆசிரியருக்கு அலுவலகம் ஒன்று உண்டு. மணி அடிக்க ஆள் உண்டு. வருகைப் பதிவேடு உண்டு. மாத முடிவில் ஊதியம் உண்டு. வீட்டின் முன்னறையில் பாய் விரித்துப் பிள்ளைகளுக்கு இசை சொல்லிக்கொடுக்கும் என்போன்றோருக்கு அந்த அலுவலகமும் நாமே, மணியும் நாமே, காசாளரும் நாமே. 26 ஆண்டுகளாக இந்தத் தூத்துக்குடிக் கடற்கரையில் வாய்ப்பாட்டும் வயலினும் கீபோர்டும் கற்பித்து வருகின்றேன். இசையைப் பற்றி எழுதச் சொன்னால் பலரும் எழுதுவார்கள். இசையைச் சுற்றியிருக்கும் இந்த ஏடுகளைப் பற்றி எழுதுவார் இல்லை. ஆகவே அதை நான் எடுத்துக்கொள்கின்றேன்.

மேலை இசையின் பெருமேதை மொசார்ட், 1782 ஜனவரி 23-ஆம் நாள் வியன்னாவிலிருந்து தம் தந்தைக்கு ஒரு கடிதம் எழுதினார். அப்போது அவருக்கு 26 வயது நிறைய இன்னும் நான்கு நாள் இருந்தது. அந்தக் கடிதத்தில் தமக்கு மூன்று மாணவர்கள் இருப்பதாகவும், ஆளுக்கு ஆறு டூகாட் வீதம் மாதம் 18 டூகாட் வருவதாகவும் கணக்குச் சொல்கிறார். முன்பெல்லாம் 12 பாடங்களுக்கு இவ்வளவு என்று வாங்கியவர், அதை விட்டுவிட்டு மாதக் கட்டணம் ஆக்கிவிட்டார். மாணவர்கள் வாரக்கணக்கில் வகுப்புக்கு வராமல் நின்றுவிடுவார்களாம். 12 பாடம் முடிய எத்தனை மாதம் ஆகும் என்று ஆண்டவருக்கே வெளிச்சம். எனவே, வந்தாலும் வராவிட்டாலும் மாதத்துக்கு ஆறு டூகாட் என்று அவர் முடிவு கட்டினார்.

இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு உண்டான ஆறுதலை விவரிக்க இயலாது. அவ்வளவு பெரிய மேதைக்கும் இதே தொல்லைதான்! அவருடைய மாணவர்கள் செல்வர் வீட்டுப் பிள்ளைகள். என் மாணவர்கள் வலை இழுக்கும் வீட்டுப் பிள்ளைகளும், உப்பளத்தில் கணக்கெழுதுகிறவரின் பிள்ளைகளும். ஆனாலும் "இந்த வாரம் பாட்டி வீட்டுக்குப் போயிட்டோம் டீச்சர்" என்னும் வாசகம் வியன்னாவிலும் ஏதோ ஒரு வடிவில் ஒலித்திருக்கத்தான் வேண்டும்.

மொசார்ட் கண்ட வழியை அப்படியே நான் பின்பற்றவில்லை. வியன்னாவின் மாதம் வேறு, எங்கள் ஊர் மாதம் வேறு. ஆண்டுக்கு 52 வாரங்கள். பனிமய மாதா திருவிழா ஜூலை 26 தொடங்கி ஆகஸ்ட் 5 வரை நடைபெறும். அந்த இரு வாரங்களில் எந்தப் பிள்ளையும் வயலினைத் தொடாது, தொடச் சொல்வதும் பாவம். காலாண்டுத் தேர்வுக்கு ஒரு வாரம். அரையாண்டுத் தேர்வும் கிறிஸ்து பிறப்பு விழாவும் சேர்ந்து மூன்று வாரம். பொங்கலுக்கு ஒன்று. ஆண்டுத் தேர்வுக்கு இரண்டு. புனித வாரம் ஒன்று. ஆக, பத்து வாரங்கள் போனால் எஞ்சுபவை 42. இந்த 42 வகுப்புகளுக்கான ஆண்டுக் கட்டணம் 7,200 ரூபாய் என்று முதலிலேயே சொல்லிவிட்டு, அதைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதம் 600 ரூபாய் என்று வாங்குகின்றேன். விடுமுறை மிகுந்த மாதத்தில் "இரண்டு வகுப்புத்தானே நடந்தது?" என்று பெற்றோர் கேட்பதில்லை, ஐந்து சனிக்கிழமை வரும் மாதத்தில் "ஒன்று கூடிவிட்டதே" என்று நானும் கேட்பதில்லை. ஜூன் மாதத்தில் ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுகின்றோம். தொடக்கத்தில் சிலருக்கு இது கசப்பாக இருந்தது. பாட்டு டீச்சர் பத்திரம் எழுதுகிறாள் என்று தெருவில் பேச்சு. பின்னர் அந்தப் பேச்சுத் தானே அடங்கிவிட்டது, ஏனெனில் முன்பெல்லாம் மாத இறுதியில் வாசற்படியில் நடந்த சங்கடமான பேரங்கள் அதோடு நின்றுபோயின.

தாளில் எழுதாதவை எப்படி முடியும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கின்றேன். ஒரு பள்ளியில் ஆண்டு விழாவுக்காக 40 பிள்ளைகளுக்குச் சேர்ந்திசை பயிற்றுவிக்க அழைத்தார்கள். ஆறு வாரம், நாள்தோறும் மாலை ஒன்றரை மணி நேரம். விழா சிறப்பாக முடிந்தது. மேடையில் சால்வை போர்த்தினார்கள். நினைவுப் பரிசாக ஒரு சுவர்க்கடிகாரம் தந்தார்கள். பேசியிருந்த தொகை வரவேயில்லை. கேட்கப் போனபோது, "இசை இறைவன் தந்த கொடை அல்லவா டீச்சர்?" என்று விடை வந்தது. கொடைதான். அந்தக் கொடையைச் சுமந்து செல்லும் பேருந்துக்கு நடத்துநர் சீட்டுக் கிழிக்கிறாரே!

திராட்சைத் தோட்ட வேலையாட்கள் உவமையைப் பற்றி மறையுரை கேட்காத கத்தோலிக்கர் இருக்க முடியாது. கடைசி மணி நேரத்தில் வந்தவனுக்கும் முழு நாள் கூலி கொடுத்த தோட்டக்காரரின் தாராளம் பற்றியே பெரும்பாலும் பேசுவார்கள். எனக்கு அந்தக் கதையின் தொடக்கம் முக்கியமாகப் படுகிறது. விடியற்காலையில் வந்தவர்களோடு அவர் முதலில் கூலி பேசி முடிக்கிறார். அதன் பிறகுதான் தோட்டத்துக்கு அனுப்புகிறார். மாலையானதும் கணக்குப்பிள்ளையை அழைத்து எல்லாருக்கும் கொடுக்கச் சொல்கிறார். பேச்சும் உண்டு, கணக்குப்பிள்ளையும் உண்டு, குறித்த நேரமும் உண்டு. இவை எல்லாம் இருந்த இடத்தில்தான் அந்தத் தாராளமும் நடந்தது.

என் வீட்டில் இரண்டு ஏடுகள் உள்ளன. ஒன்று பாட ஏடு. அது மேசைமேல் திறந்தே கிடக்கும். மற்றொன்று கட்டண ஏடு; அது அலமாரியின் மேல் தட்டில், பூட்டுக்குள் இருக்கும். இரண்டையும் ஒன்றாக வைத்தால் எழுதுவதற்கு வசதிதான். ஆனால் பிள்ளைகள் தலைகீழாகவும் எழுத்தை வாசிப்பவர்கள். பக்கத்துப் பையனுடைய கட்டத்தில் மூன்று மாதம் வெற்றாக இருப்பதையும், பாடகர் குழுவிலிருந்து வரும் ஒரு சிறுமிக்குக் கட்டணமே கிடையாது என்பதையும் ஒரு குழந்தை அறிந்துகொண்டால், அடுத்த வாரம் அது தெரு முழுவதும் பரவியிருக்கும். யார் பணம் தருகிறார், யார் தரவில்லை என்பது எனக்கும் அந்த வீட்டுக்கும் இடையேயான செய்தி. எனவே பாட ஏட்டில் எல்லாப் பெயரும் ஒரே மையில், அகர வரிசையில்.

இப்போது பெரும்பாலோர் கைப்பேசியிலேயே பணம் அனுப்பிவிடுகிறார்கள். 2016 நவம்பரில் 500, 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லாமற் போனபோது தொடங்கிய பழக்கம் இது. 2020-இல் ஊரடங்கு வந்தபின் உறுதிப்பட்டுவிட்டது. எல்லாம் தானே பதிவாகிவிடும், இனி ஏடு எதற்கு என்று என் மகன் கேட்டான். யார் கணக்கிலிருந்து பணம் வந்தது என்பது பதிவாகிறது. எந்தப் பிள்ளைக்காக வந்தது என்பது பதிவாவதில்லை. மாமன் அனுப்புவார், சவுதியிலிருக்கும் தந்தை சொல்லி அவருடைய நண்பர் அனுப்புவார், அக்காள் இருவருக்கும் சேர்த்து ஒரே தொகையாக அனுப்புவாள். அன்றன்றைக்கு ஏட்டில் பிள்ளையின் பெயருக்கு எதிரே எழுதாவிட்டால் மாத இறுதியில் அது தீராப் புதிர்.

தடைக்காலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மீன்வளம் பெருகும் பொருட்டு, கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உண்டு. 45 நாளாக இருந்தது, 2017 முதல் 61 நாளாகி, ஜூன் 14 வரை நீள்கிறது. பள்ளி விடுமுறையும் அதே சமயத்தில்தான். பிள்ளைகளுக்குக் கைநிறைய நேரம் இருக்கும். பெற்றோர் கையில் காசு இருக்காது. இசை வகுப்புக்குப் புதிதாகச் சேர வருபவர்கள் மிகுந்திருக்கும் மே மாதத்தில்தான் பழைய பிள்ளைகள் சிலர் சொல்லாமல் நின்றுவிடுவார்கள்.

அப்படி நின்றவள் ஒரு சிறுமி. நல்ல குரல், அதைவிட நல்ல காது. நான் வாசிக்கும் நான்கு சுரங்களைத் திருப்பிப் பாடச் சொன்னால் ஐந்தாவது எதுவாக இருக்கும் என்பதையும் சேர்த்துப் பாடுவாள். ஒரு வாரம் வரவில்லை. இரண்டாம் வாரமும் வரவில்லை. தொடர்ந்து மூன்று வெற்றுக் கட்டங்கள் வந்தால் நானே வீட்டுக்குச் செல்வது என்பது ஏட்டைத் தொடங்கிய நாளிலிருந்து நான் வைத்திருக்கும் விதி. சென்றேன். காய்ச்சல் என்றார் தாய். காய்ச்சல்காரி தெருமுனையில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். நான் ஒன்றும் கேளாமல் தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டு எழுந்தபோது அந்தத் தாயே சொன்னார்: "தொழில் இல்ல டீச்சர். ரெண்டு மாசப் பாக்கிய வச்சிக்கிட்டு எந்த முகத்தோட அவள அனுப்ப?"

பாக்கியைத் தள்ளிவிடுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். அதை அவர் ஏற்றிருக்க மாட்டார். அந்த வீட்டின் மானம் அத்தகையது. இரவில் ஏட்டை எடுத்து வைத்துக் கணக்குப் பார்த்தேன். 7,200 ரூபாயைப் பன்னிரண்டால்தான் வகுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பத்தால் வகுத்தால் 720. தடைக்காலத்து இரண்டு மாதத்தை விட்டுவிட்டு, கடல் திறந்திருக்கும் பத்து மாதத்தில் 720 ரூபாய் வீதம் தந்தால் ஆண்டுக் கணக்கு அதேதான். மறுநாள் அதைச் சொன்னபோது தாயின் முகம் தெளிந்ததைக் கண்டேன். சலுகை வேண்டாதவருக்குக் கணக்கு வேண்டியிருந்தது. அந்த ஆண்டு முதல் விசைப்படகுத் தொழில் செய்யும் எல்லா வீடுகளுக்கும் இந்தப் பத்து மாத முறையே. நாட்டுப்படகு வீடுகளுக்குத் தடை இல்லை; அவர்களுக்குப் பன்னிரண்டு. ஏட்டில் பெயருக்குப் பக்கத்தில் 10 அல்லது 12 என்று ஓர் எண், அவ்வளவே.

பணக் கணக்கு இருக்கட்டும். பாட ஏடுதான் என்னை உண்மையில் ஆசிரியையாக வைத்திருக்கிறது.

பாக் என்னும் பெரும் இசையாசிரியர் தம் மூத்த மகனுக்கு ஒன்பது வயதானபோது, 1720 ஜனவரி 22-ஆம் நாள், ஒரு சிறு ஏட்டைத் தொடங்கிக் கொடுத்தார். (அந்தப் பையன் பிறந்தது புனித செசிலியாவின் திருநாளான நவம்பர் 22-ஆம் நாள். லூத்தரன் குடும்பத்தில் இதைப் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள், நமக்கு இனிக்கிறது.) முதற்பக்கங்களில் சுரங்களின் பெயர்கள். பிறகு அணிச்சுரங்களை எப்படி வாசிப்பது என்னும் அட்டவணை. அதன் பிறகு எந்தச் சுரத்துக்கு எந்த விரல் என்று எண்ணிட்ட ஒரு சிறு பாடம். பக்கங்கள் செல்லச்செல்லப் பாடங்கள் கடினமாகின்றன. இன்று உலகெங்கும் பியானோ மாணவர்கள் வாசிக்கும் அவருடைய 'இன்வென்ஷன்'கள் அந்த ஏட்டில்தான் முதலில் எழுதப்பட்டன. ஒரு பிள்ளைக்கு அடுத்த வாரம் என்ன கொடுப்பது என்று தந்தை யோசித்ததன் பயன் அது. அந்த ஏடு இப்போது அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

என் ஏட்டில் அத்தகைய செல்வம் ஏதுமில்லை. ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம். ஒரு வகுப்புக்கு மூன்று வரி. இன்று கொடுத்தது என்ன, அதில் ஒட்டியது என்ன, அடுத்த வாரம் கேட்க வேண்டியது என்ன. இதை எழுதுவதற்காகவே 45 நிமிட வகுப்புகளுக்கு நடுவே பத்து நிமிடம் விட்டிருக்கின்றேன். இரவில் மொத்தமாக எழுதலாம் என்று நினைப்பவர்கள் ஒரு முறை முயன்று பார்க்கட்டும். ஆறு பிள்ளைகளின் ஜண்டை வரிசையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். இந்தப் பத்து நிமிடத்தில் இன்னொரு மாணவரைச் சேர்த்தால் மாதம் சில ஆயிரம் கூடுமே என்று கணக்கறிந்த உறவினர் ஒருவர் எடுத்துக்காட்டினார். அவர் சொன்னது கணக்கில் சரி.

ஒரு சிறுவனுடைய பக்கத்தில் ஏழு வாரம் தொடர்ச்சியாக ஒரே குறிப்பு இருந்தது: "மூன்றாம் விரல் சுருதி தாழ்வு." வாரத்துக்கு வாரம் தனித்துப் பார்த்தால் பயிற்சி போதாது என்றே தோன்றும். ஏழு வரிகளையும் ஒரே பக்கத்தில் ஒன்றின்கீழ் ஒன்றாகக் கண்டபோது ஐயம் வேறு திசையில் திரும்பியது. பையனின் காதில் குறை இல்லை. பாடும்போது அதே சுரம் சரியாக நின்றது. அவன் கையை எடுத்து வயலினின் கழுத்தோடு வைத்துப் பார்த்தேன். முழு அளவு வயலின் அது. "வளர்ற பிள்ளைதானே டீச்சர், அதான் பெரிசாவே வாங்கிட்டேன்" என்றார் தந்தை. பள்ளிச் சீருடையை இரண்டு அங்குலம் கூட்டித் தைப்பது போன்ற சிக்கனம். சீருடையை மடித்துத் தைக்கலாம். வயலினை மடிக்க முடியாது. எட்டிப் பிடிக்க முடியாத விரல் சுரத்துக்குக் கீழேதான் விழும். என்னிடமிருந்த நான்கில் மூன்று அளவு வயலினை இரவல் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் அந்தக் குறிப்பு ஏட்டிலிருந்து மறைந்தது.

இரவல் கருவிகளுக்கென்று ஏட்டின் கடைசியில் நான்கு பக்கம் ஒதுக்கியிருக்கின்றேன். பாதி அளவில் இரண்டு, நான்கில் மூன்று அளவில் மூன்று, சிறிய கீபோர்டு ஒன்று; எது யாரிடம், எந்த நாள் முதல், என்ன நிலையில். பாட்டுப் புத்தகங்களையும் இப்படித்தான் எழுதிவந்தேன். ஆனால் புத்தக இரவலை எந்த ஏட்டாலும் கட்டுப்படுத்த முடியாது என்பது உலகறிந்த செய்தியாதலால், அந்த முயற்சியைக் கைவிட்டுப் படி எடுத்துக் கொடுத்துவிடுகின்றேன்.

தரத் தேர்வுகளைப் பற்றியும் ஒரு சொல். இலண்டன் டிரினிட்டிக் கல்லூரியின் தேர்வுகளுக்குச் சிலரை அனுப்புகின்றேன். விண்ணப்பத்துக்கு இறுதி நாள், கட்டணம், பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி பெயர் என்று அதற்கொரு தனிக் கோப்பு வேண்டும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு குறித்த நாள் முன்னே நின்றால் பிள்ளைகள் உழைக்கிறார்கள். ஆனால் ஆண்டு முழுவதும் மூன்றே உருப்படிகளைத் தேய்த்துச் சான்றிதழ் வாங்கி, நான்காவது உருப்படியைத் தாமே பிரித்து வாசிக்கத் தெரியாமல் எட்டாம் தரம் வரை ஏறியவர்களைக் கண்டிருக்கின்றேன். அத்தகையவர்களின் சுவர்கள் மட்டும் நிறைந்திருக்கின்றன.

பங்கின் பாடகர் குழுவுக்கு என்னிடம் தனி ஏடு கிடையாது. திருவழிபாட்டு நாள்காட்டியே அதன் ஏடு. திருவருகைக்காலம் நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடைப்பட்ட ஞாயிறன்று தொடங்கும். அங்கிருந்து பின்னோக்கி எண்ணினால் கிறிஸ்து பிறப்புப் பாடல்களை அக்டோபர் நடுவிலேயே தொட்டுவிட வேண்டும். தவக்காலத்தில் இசைக்கருவிகள் பாடலுக்குத் துணையாக மட்டுமே ஒலிக்கும். பெரிய வியாழனன்று 'உன்னதங்களிலே' பாடி மணிகள் ஒலித்து முடிந்தால், பாஸ்கா திருவிழிப்பில் அது மீண்டும் ஒலிக்கும் வரை கீபோர்டுக்கு அடக்கமான இடந்தான். கீபோர்டு பிள்ளைகளுக்கு இது சோர்வு தரும் காலம். ஆகவே அந்த ஆறு வாரத்தையும் அவர்களுக்கு வாய்ப்பாட்டும் சுரம் பார்த்துப் பாடுதலும் சொல்லிக் கொடுப்பதற்கென்றே ஒதுக்கியிருக்கின்றேன். விரல் ஓய்வெடுக்கும்போது காது வளர்கிறது. உயிர்ப்பு விழாவுக்குப் பின் அவர்கள் வாசிப்பில் அது தெரியவரும்.

எனக்கு இசையின் முதற்படிகளைச் சொல்லித்தந்தவர் ஒரு கடற்கரைப் பங்கின் ஆர்மோனிய ஆசிரியர். இலத்தீன் திருப்பலிப் பாடல்கள் அவருக்கு மனப்பாடம். 1963-இல் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டைப் பற்றிய ஏட்டை வெளியிட்டு, தாய்மொழிப் பாடல்கள் கோவிலுக்குள் வந்தபோது, தமிழ்ப் பாடல்களையும் அதே வேகத்தில் மனத்தில் ஏற்றிக்கொண்டார். பெரிய வெள்ளியன்று எங்கள் பக்கத்து ஊர்களில் வியாகுலப் பிரசங்கம் வாசிப்பது வழக்கம். அதன் இடையே பெண்கள் பாடும் புலம்பல்களின் மெட்டுகள் ஊருக்கு ஊர் வேறுபடும். அவற்றில் எத்தனையோ அவருக்குத் தெரியும். எழுத்தில் ஒன்றையும் வைக்கவில்லை. "நெஞ்சில இருக்கு பிள்ளை, நோட்டு எதுக்கு?" என்பார். அவர் இறந்து நாற்பதாம் நாள் திருப்பலிக்குப் பாட அமர்ந்தபோது, அவருக்குப் பிடித்த புலம்பல் ஒன்றின் இரண்டாம் அடி எப்படித் திரும்பும் என்பதில் எங்களுக்குள் மூன்று கருத்து இருந்தது. மூன்றில் எது அவருடையது என்பதைச் சொல்ல எவரும் இல்லை. அன்றிலிருந்து, மூதாட்டிகள் பாடக் கேட்கும் மெட்டுகளைக் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்வதோடு நில்லாமல், சரிகம எழுத்தில் ஏட்டிலும் எழுதுகின்றேன். இதுவரை 60-க்கு மேல் சேர்ந்திருக்கின்றன. பாடியவரின் ஊரையும் நாளையும் மேலே குறிக்கின்றேன்.

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இத்தாலியில் கீதோ என்னும் ஆசீர்வாதப்பர் சபைத் துறவி இதே தவிப்போடு இருந்தார். பாடல்கள் எல்லாம் நினைவில் மட்டுமே வாழ்ந்தன. ஒருவன் அவற்றைக் கற்றுத் தேறப் பத்து ஆண்டுகள் கழிந்தன. கோடுகளில் சுரத்தை எழுதிக் காட்டியும், திருமுழுக்கு யோவானின் திருநாள் பாடலில் ஒவ்வோர் அடியும் தொடங்கும் அசையைச் சுரப்பெயராக்கியும், ஓராண்டில், மிஞ்சினால் இரண்டாண்டில், பாடகனை உருவாக்கலாம் என்று காட்டினார். பொம்போசா மடத்தில் உடன்துறவிகளுக்கு அவர்மேல் பொறாமை உண்டாயிற்று. அவர் அங்கிருந்து அரெஸ்ஸோ நகருக்குப் போய்விட்டார். பின்னர்த் திருத்தந்தை பத்தொன்பதாம் யோவானே அவரை உரோமைக்கு அழைத்து அந்த முறையைக் கண்டறிந்தார். ஒழுங்கு செய்பவர்கள் மேல் பக்கத்திலிருப்பவர்களுக்குச் சற்று எரிச்சல் வருவது துறவு மடத்திலேயே இருந்திருக்கிறது என்றால், எங்கள் தெருவை நான் ஏன் நொந்துகொள்ள வேண்டும்?

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தபோது முன்னறை வெறிச்சோடியது. கைப்பேசித் திரையில் வகுப்பு நடத்தினோம். பேச்சுக்கு அது போதும்; சேர்ந்து பாட உதவாது. நான் போடும் தாளம் அந்தப் பக்கம் போய்ச் சேர்வதற்குள் ஒரு கணம் கடந்துவிடும். அவர்கள் பாடுவது என்னிடம் திரும்புவதற்குள் இன்னொரு கணம். எனவே பிள்ளைகள் தனியே பாடிப் பதிவு செய்து அனுப்ப, நான் கேட்டுக் குறிப்பு எழுதி அனுப்பினேன். அந்த மாதங்களின் குறிப்புகளே என் ஏட்டில் மிகவும் நீளமானவை.

இவை எல்லாவற்றையும்விட அந்த ஏடுகள் பயன்பட்டது 2023 டிசம்பரில். 17, 18 ஆகிய இரு நாள்களும் பெய்த மழையை எங்கள் மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. எங்கள் முன்னறையில் முழங்காலளவுத் தண்ணீர். பாய், சுருதிப்பெட்டி, பாடல் படிகள் வைத்திருந்த மரப்பெட்டி எல்லாம் மிதந்தன. அலமாரியின் மேல் தட்டு மட்டும் நனையவில்லை. கிறிஸ்து பிறப்புக்கு ஒரு வாரமே இருந்தது. மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை, யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியவில்லை.

தண்ணீர் வடியத் தொடங்கியதும் கட்டண ஏட்டை ஒரு பாலிதீன் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அதில் 31 பிள்ளைகளின் முகவரி இருந்தது. தந்தையின் தொழில் இருந்தது. எந்த வீட்டில் பாட்டி மட்டும் இருக்கிறார், எந்த வீட்டில் தந்தை வெளிநாட்டில் என்னும் குறிப்பு இருந்தது. பணம் வாங்கும் பொருட்டு எழுதிவைத்த வரிகள் அவை. தாழ்ந்த தெருக்களிலிருந்த பெயர்களை முதலில் எடுத்துக்கொண்டேன். பெயருக்கு எதிரே அந்த மாதக் கட்டணம் எழுத வேண்டிய கட்டத்தில், "எல்லாரும் நலம்", "மாடியில்", "அரிசி வேண்டும்", "பள்ளி முகாமில், பாட்டிக்கு மருந்து" என்று எழுதினேன். மாலையில் அந்தப் பக்கத்தைப் பங்குத்தந்தையிடம் காட்டியபோது, அவர் தம் இளைஞர்களை அதன் வரிசைப்படியே அனுப்பினார். இரண்டு நாளில் 31 கட்டமும் நிறைந்தன. டிசம்பர் மாதக் கட்டணம் என்று அந்தப் பக்கத்தில் ஒரு தொகையும் இல்லை.

கீபோர்டுகள் போனவை போனவைதான். வயலின்கள் அவ்வளவு மோசமில்லை. அவற்றின் பலகைகளை ஒட்டுவது விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய பசை. தண்ணீரில் ஊறினால் அது விட்டுப்போகும், மரம் உடையாது. தட்டுத் தட்டாகப் பிரிந்து கிடந்த நான்கு வயலின்களை நிழலில் உலர்த்தி, பிறகு பழுது பார்ப்பவரிடம் ஒட்டக் கொடுத்தோம். அவ்வாண்டு நள்ளிரவுத் திருப்பலியில் இசைக்கருவி எதுவும் இல்லை. 17 பிள்ளைகள் வந்திருந்தார்கள். அந்தத் தவக்காலத்தில் வெறும் குரலில் பயின்றிருந்தவர்கள் முன்வரிசையில் நின்று சுருதி பிடித்தார்கள்.

இப்போது மே மாதம் நடக்கிறது; புதிய ஆண்டுக்கான அட்டவணையை எழுதிக்கொண்டிருக்கின்றேன். ஜூன் 15 விடியலில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லும். அன்று யாருக்கும் வகுப்பு வைப்பதில்லை. பிள்ளைகள் துறைமுகத்தில் நிற்பார்கள். அதற்கடுத்த சனிக்கிழமை காலை 7 மணிக்கு, ஐந்தாம் சுரத்தை முன்கூட்டியே பாடும் அந்தச் சிறுமி. அவள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள், எனக்கு உதவியாகத் தொடக்கநிலைப் பிள்ளைகள் நால்வரைப் பார்த்துக்கொள்கிறாள். அவளுக்குத் தர வேண்டிய தொகையைப் பேசித் தாளில் எழுதியாயிற்று. 7.55-க்கு வருபவன் ஒரு புதிய பையன், எட்டு வயது. அவன் கையை அளந்து பார்த்தேன். பாதி அளவு வயலின் போதும். இரண்டில் ஒன்று போன வாரந்தான் திரும்பி வந்திருக்கிறது. அதன் இரண்டாம் தந்தியை மாற்ற வேண்டும் என்று ஓரத்தில் குறித்திருக்கின்றேன்.